பன்னிரண்டு வாசல் வீடு

எந்த இடத்துக்குப் போனாலும் என் சித்தப்பா உடனே உட்கார மாட்டார். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்ப்பார். உதடு லேசாக அசையும். ஜெபம் பண்ணுகிறார் என்று தெரியாதவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் கதவுகளை எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணி முடித்ததும், எந்த வாசலில் வானம் தெரிகிறதோ அதற்குப் பக்கத்தில் போய் ஒருக்களித்து உட்காருவார். ஞாயிற்றுக்கிழமை கோவிலிலும் இதே கதைதான். எங்கள் குடும்பம் உட்காருகிற இடம் முன்னாலிருந்து மூன்றாவது பெஞ்சு. சித்தப்பா மட்டும் கடைசிப் பெஞ்சில், தெற்குக் கதவின் ஓரத்தில் இருப்பார். ஜெப நேரத்தில் சபை முழுவதும் கண்ணை மூடியிருக்க, அவர் கண் மட்டும் திறந்திருக்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்று என் மனைவி எஸ்தர் ஒருமுறை கேட்டாள். நானும் திறந்து வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நான் வாத்தியார். தலைகளை எண்ணாமல் எனக்கு ஒரு கூட்டத்தில் இருக்க முடியாது.

அவர் என் அய்யாவுக்கு ஒரே தம்பி, பத்து வயது இளையவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எம். புதுப்பட்டிப் பாதையில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஓர் ஓலைக் கொட்டகையில் தங்கியிருந்தவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயும் இருந்தன. கம்பெனியில் ஒரு ஷெட்டு வெடித்ததும் ஆட்கள் இறந்ததும் ஊருக்கே தெரியும். அதைப் பற்றி அவரிடம் கேட்க அய்யாவுக்கு மனம் வரவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை. என் அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். ஆகவே வீட்டில் அய்யா, சித்தப்பா, நான் ஆக மூன்று பேர். அடுத்த வருஷம் எஸ்தர் என் மனைவியாக வந்தாள். நான்கு.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அய்யாவுடைய தாத்தா கட்டிய வீடு. கல்லும் செம்மண்ணும் வைத்து எழுப்பிய, இரண்டடி கனமுள்ள சுவர். மேலே பனங்கட்டைகளை வரிசையாக அடுக்கி, அதன்மேல் மண்ணையும் சுண்ணாம்பையும் போட்டு இறுக்கிய மட்டக் கூரை. தெருப்பக்கம் முன்னறை, அதற்குப் பின்னால் நடுவீடு, கடைசியில் சமையல்கட்டு. மேற்கே என் அறை. கிழக்கே சித்தப்பாவின் அறை, அதற்கும் பின்னால் உள்ளறை. மொத்தம் ஆறு அறைகள், ஏழு கதவுகள். அவற்றில் வெளியே திறப்பவை இரண்டே இரண்டு, தெரு வாசலும் கொல்லை வாசலும்.

வந்த மூன்றாம் மாதம் சித்தப்பா அய்யாவிடம் கேட்டார்.

"அண்ணே, என் அறைக்குக் கிழக்கால ஒரு வாசல் வச்சுக்கிடட்டுமா?"

"கிழக்கால முடுக்குதானடா இருக்கு. அங்கன வாசல் வச்சு என்னத்துக்கு?"

"சும்மா. காத்துக்கு."

முடுக்கு என்பது எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடந்து போகக்கூடிய சந்து. அங்கே காற்று எப்படி வரும்? ஆனாலும் அய்யா சரி என்றார். தம்பி வந்ததிலிருந்து கேட்ட முதல் காரியம் அது.

மாடசாமி கொத்தனார் வந்து சுவரை உடைத்தார். பதினேழு நாள் வேலை. சித்தப்பா பக்கத்திலேயே நின்று மண் சுமந்தார், கல் எடுத்துக் கொடுத்தார். கதவு மாட்டும்போதுதான் தகராறு வந்தது. கீலை வெளிப்பக்கம் அடிக்கச் சொன்னார். கதவு உள்ளே திறக்கக் கூடாது, தள்ளினால் வெளியே போக வேண்டும்.

"வெளிய தொறந்தா முடுக்குல போறவன் மூஞ்சில அடிக்குமே அண்ணாச்சி" என்றார் மாடசாமி.

"மூஞ்சில அடிச்சா மருந்து போட்டுக்கிடலாம். உள்ள தொறக்குற கதவுல பத்து பேரு வந்து முட்டுனா அது தொறக்கவே தொறக்காது. தெரியுமாவே ஒமக்கு?"

"ஒங்க அறையில ஒத்தை ஆளுதான அண்ணாச்சி இருக்கீக?"

சித்தப்பா ஆணியை எடுத்து நீட்டினார். கீல் வெளிப்பக்கம் போயிற்று.

அடுத்த வருஷம் சமையல்கட்டு. கொல்லை வாசலை ஒட்டி அடுப்பு இருக்கிறது, அங்கே தீப்பிடித்தால் அந்த வழி அடைபட்டுவிடும் என்றார். அவருடைய கணக்கு அதுதான். இருக்கிற வாசல் அடைபட்டால் வேறொன்று வேண்டும். அதில் நின்றால் வானம் தெரிய வேண்டும். அதற்கடுத்து முன்னறைக்கு மேற்கே ஒன்று. நடுவீட்டைச் சுற்றி அறைகளாகவே இருந்ததால் அங்கே வானத்துக்கு வழியில்லை. அதை நினைத்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். பிறகு நடுவீட்டுக் கதவுகளின் தாழ்ப்பாள்கள், கொண்டிகள் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தார். நான் பின்னால் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது உருப்படிகள்.

அதற்கப்புறம் எங்கள் அறை. கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷமே ஆனவர்களின் அறைக்கு வெளியிலிருந்து ஒரு வாசல் வைப்பதென்றால் எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் முறைத்துக்கொண்டு நின்றேன். எஸ்தர்தான், "வச்சுட்டுப் போறாக. நமக்கு என்ன, தாழ்ப்பாளா இல்ல?" என்றாள். தாழ்ப்பாளும் வைக்க விடவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஒரு நூல் கயிறு, அதை ஓர் ஆணியில் மாட்டிக்கொள்ளலாம். அறுந்து போகிற கயிறாகப் பார்த்து அவரே முறுக்கிக் கொடுத்தார்.

அந்த வீட்டில் குடியிருப்பது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது இருப்பவர்களுக்குப் புரியாது. என் மகன் விருதுநகரில் ஒரே வாசல் உள்ள மாடி வீட்டில் இருந்துகொண்டு காற்று வரவில்லை என்று மின்விசிறியைச் சுழலவிடுகிறான். எங்களுக்கு நேர்மாறான கஷ்டம். அலமாரி சாய்த்து வைக்க ஒரு முழுச் சுவர் கிடையாது. படம் மாட்டினால் கதவு திறந்து இடிக்கும். கோழி, நாய், பக்கத்து வீட்டு ஆடு எல்லாம் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போயின. ஐந்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள்கள் முப்பத்தாறில் ஒன்பதை அந்த ஆடு தின்றுவிட்டது. ஒன்பது பேருக்கும் பாஸ் போட வேண்டியதாயிற்று. தெருக்காரர்கள் எங்கள் வீட்டைச் சத்திரம் என்றார்கள். மாடசாமி கொத்தனாரோ என்னைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம், "வாத்தியாரய்யா, சித்தப்பாரு அடுத்து மேல, மொட்டை மெத்தையில ஒண்ணு கேப்பாரோ? சொல்லச் சொல்லுங்க, ஏணியோட வாரேன்" என்பார்.

ஜெபக்கூட்டத்துக்கு வந்த உபதேசியார் ஒருமுறை, கூட்டம் முடிந்து பேச்சு சுவாரஸ்யத்தில் தெரு வாசல் என்று நினைத்து வேறு வாசலில் இறங்கி, மாட்டுச் சாணத்தில் கால் வைத்தார். காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"மொத்தம் எத்தனை வாசல் ஆச்சு ஒங்க வீட்டுக்கு?"

"பதினொண்ணு" என்றேன் நான்.

"பரலோகப் பட்டணத்துக்குப் பன்னிரண்டு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி ஒங்களுக்கு."

எல்லோரும் சிரித்தோம். சித்தப்பா சிரிக்கவில்லை. "அந்த ஊர்ல வாசலைச் சாத்துறதே கிடையாதாம்ல, உபதேசியாரே?" என்று நிஜமாகவே கேட்டார்.

வாசல்களோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவருக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. "வாசல் இருந்தாப் போதாதுலே. அது காலுக்குத் தெரியணும்" என்பார். இந்த வாக்கியத்தை வாரத்துக்கு மூன்று முறையாவது கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை எல்லோரும் சமையல்கட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டும், செவ்வாய்க்கிழமை முன்னறையின் மேற்கு வாசல், புதன்கிழமை எங்கள் அறை வாசல். இப்படி முறை வைத்திருந்தார். புதன்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக்குக் குடையும் பையுமாக நான் கொல்லையைச் சுற்றி, முருங்கை மரத்தடியில் குனிந்து, பக்கத்து வீட்டார் பார்க்க நடந்து போவேன். எஸ்தர் தண்ணீர்க் குடத்தோடு சுற்றிச் சுற்றி வருவாள். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. அவள் மிஷன் விடுதியில் வளர்ந்தவள். தாய் தகப்பன் முகம் தெரியாது. மணி அடித்து இந்தப் பக்கம் போ என்றால் போய்ப் பழகியவள். எனக்குத்தான் எரிச்சல்.

அய்யா மட்டும் இந்த முறைக்குக் கட்டுப்படவில்லை. அவர் எப்போதும் தெரு வாசல் வழியாக வந்தார், தெரு வாசல் வழியாகப் போனார்.

"அண்ணே, ஒரு நாளைக்காவது இந்தப் பக்கம் வாயேன்."

"ஏலே, அறுபத்தோரு வருஷமா நடக்குற கால். இதுக்குப் புதுசாச் சொல்லிக் குடுக்கப் போறியா நீ?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். அந்தக் காலுதான் ஏமாத்தும்."

இந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கியது ராக்கம்மாள் சொன்ன பிறகுதான்.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடி மாதத்தில், புதுப்பட்டியிலிருந்து ராக்கம்மாள் என்றொரு பெண் வருவாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கையும் கழுத்தும் வெந்து சுருங்கியிருக்கும். ஒரு கட்டுக் கீரையைக் கொல்லையில் வைத்துவிட்டுச் சித்தப்பாவுக்கு எதிரே தரையில் உட்காருவாள். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். காப்பித்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு வருஷம் அவள் வந்தபோது சித்தப்பா வெளியே போயிருந்தார். நான் கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள், நேற்றுச் சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்கிற மாதிரி.

"அந்த ஷெட்டுக்கு ரெண்டு வாசலு வாத்தியாரய்யா. மேக்க ஒண்ணு, கிழக்க ஒண்ணு. பாதையும் கிணறும் மேக்க இருந்துச்சா, நாங்க அம்புட்டுப் பேரும் போக வர மேக்கு வாசலுதான். கிழக்கு வாசல்ல முள்ளுக்காடு, யாரு போவா? அன்னைக்கு ஆடிக் காத்து. வெடிமருந்து பூரா பறந்து கண்ணுல விளுது. நாங்கதான் சொன்னோம், போர்மேனய்யா, இந்தக் கதவச் சாத்தித் தொலைங்க, வேல பாக்க முடியலன்னு. அவுக சாத்திட்டு, காத்துல தொறந்திரக் கூடாதுன்னு வெளிய ஒரு கல்ல உருட்டி வச்சாக. கிழக்கு வாசலு தொறந்துதான் கெடந்துச்சு."

"அப்புறம்?"

"உள்ள எட்டுப் பேரு. பொகை வரவும் மூணு பேரு கிழக்க ஓடுனோம். ஏன் ஓடுனேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. மத்த அஞ்சு பேரும் மேக்க ஓடிட்டாக. தெனமும் போற வழி பாருங்க. கால் அங்கனதான் போவும். கதவு சாத்திருக்குன்னு தெரியும்ல, காலைல அவுகளும் சேந்துதான சாத்தச் சொன்னாக? கதவுல கைய வச்சபடியே கெடந்தாக அஞ்சு பேரும்."

கீரைக் கட்டின் நாரைச் சரி செய்தாள்.

"போர்மேனய்யா வெளிய நின்னு எங்கள எண்ணுனாக. ஒண்ணு, ரெண்டு, மூணு. திரும்பவும் மொதல்ல இருந்து. ஒண்ணு, ரெண்டு, மூணு. என் தோள்ல கைய வச்சு வச்சு எண்ணுனாக. எண்ண எண்ணக் கூடிருமாக்கும்."

அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவள் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "எந்த வாசல் வழியா வரணும்?" என்று கேட்டுச் சிரித்தாள். வரவில்லை.

அதற்கப்புறம் புதன்கிழமைகளில் நான் முகம் சுளிக்காமல் கொல்லையைச் சுற்றிப் போனேன்.

மிச்சம் இருந்தது உள்ளறை. ஜன்னல் கிடையாது. நடுவீட்டிலிருந்து ஒரே ஒரு குட்டைக் கதவு. குனிந்துதான் போக வேண்டும். நெல்லும் பித்தளைப் பாத்திரங்களும் அங்கே இருந்தன. வெயில் காலத்தில் அங்கே மட்டும் குளிர்ச்சியாக இருக்கும் என்பதால் அய்யா மத்தியானம் அங்கேதான் படுப்பார். எங்கள் வீட்டில் பிள்ளைப்பேறும் அந்த அறையில்தான். அய்யா, சித்தப்பா, நான் மூவரும் அங்கே பிறந்தவர்கள். காற்றுப் படக்கூடாது என்று பதினாறு நாளைக்குக் கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைத் திணித்து, சாம்பிராணிப் புகை போட்டுத் தாயையும் பிள்ளையையும் உள்ளே வைத்திருப்பார்கள்.

எஸ்தர் உண்டானாள். தலைப்பிரசவத்துக்குப் போக அவளுக்குத் தாய்வீடு இல்லை. எங்கள் வீட்டில்தான், அந்த அறையில்தான்.

இது தெரிந்த நாளிலிருந்து சித்தப்பா தூங்கவில்லை. உள்ளறைக்குக் கிழக்குச் சுவரை முடுக்கில் நின்று தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அய்யாவிடம் வந்து நின்றார்.

"அண்ணே, அந்தப் பிள்ளைய உள்ள வச்சுக் கதவச் சாத்தப் போறீக. சாம்பிராணிச் சட்டில நெருப்பு இருக்கும். சுத்தி துணி. ஒத்தை வாசலு."

"நம்ம ஆத்தா ஏழு பெத்தா அதுக்குள்ள. ஒண்ணும் ஆகல."

"ஆகலைங்கிறது ஒரு பேச்சா?"

"ஏலே, அந்தச் சுவரு மேலதான் நடுவீட்டு உத்தரம் உக்காந்திருக்கு. அதுல கைய வச்சா வீடே நிக்காது. ஒன் கிறுக்குக்கு நாலு அறையக் குடுத்துட்டேன். இத விட்டுரு."

மாடசாமி கொத்தனாரும் வந்து பார்த்துவிட்டு முதல் தடவையாகக் கேலி பேசாமல் தலையை ஆட்டினார். "வேண்டாம் அண்ணாச்சி. எடுத்த நாலு வாசலும் சும்மா சுவரு. இது சுமை தாங்குற சுவரு."

ஒரு வாரம் அண்ணனும் தம்பியும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அப்போது எஸ்தர்தான் பேசினாள். மாமனார் எதிரில் அவள் வாயைத் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மாமா, உள்ள இருக்கப் போறது நான். எனக்குப் பயமா இருக்கு. சின்ன மாமா கேக்குற வாசல் எனக்கு வேணும்."

அவளுக்குப் பயம் இல்லை என்று எனக்குத் தெரியும். அய்யாவுக்கும் தெரிந்திருக்கும். எழுந்து போய்விட்டார். மறுநாள் மாடசாமி கடப்பாரையோடு வந்தார்.

அந்த வேலைக்கு இருபத்து மூன்று நாள் பிடித்தது. உத்தரத்துக்கு அடியில் உள்ளே ஒரு பூவரசங்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரை எடுத்தார்கள். நிலைக்கு மேலே ஒரு கல் பலகை வைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், பலகையின் வட மூலையிலிருந்து ஒரு முடிக் கோடு மாதிரி கீறல் மேலே போயிருந்தது. மாடசாமி அதில் சுண்ணாம்பைத் தடவிவிட்டு, "ரெண்டு மழை பாக்குற வரைக்கும் இந்த முட்டுக் கட்டைய யாரும் தொடாதீக" என்று சொல்லிப் போனார்.

பன்னிரண்டாவது வாசல். உபதேசியார் சொன்ன எண்ணிக்கை நிரம்பிவிட்டது. சித்தப்பா தினமும் காலையில் எஸ்தரை அந்த வாசல் வழியாக ஒருமுறை நடக்க வைத்தார். எட்டாம் மாதத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளறையிலிருந்து முடுக்குக்கு இறங்கி, சுற்றி, கொல்லைக்கு வருவாள். அங்கே சித்தப்பா நின்றுகொண்டு, "அம்புட்டுத்தாம்மா. இனி ஒங் காலுக்குத் தெரியும்" என்பார். அந்த நாட்களில்தான் அவர் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

முட்டுக் கட்டை உள்ளறையின் நடுவில், பாய்க்கும் புது வாசலுக்கும் இடையே நின்றது. ஒரு நாள் எஸ்தருடைய தோள் அதில் இடித்துவிட்டது. சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓடுற வழியில கட்டை நிக்கலாமா?" என்றார். நான் மாடசாமி சொன்னதை ஞாபகப்படுத்தினேன். இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறையும் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது கட்டை கொல்லையில் கிடந்தது.

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கதவும் திறந்தே இருந்தன. மருத்துவச்சி, "இது என்ன பேறுகால அறையா, பஸ் ஸ்டாண்டா?" என்று திட்டிக்கொண்டே வேலை பார்த்தாள். குழந்தை அழுத சத்தம் தெருவரைக்கும் கேட்டது. சித்தப்பா முடுக்கில் நின்று அதைக் கேட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "அஞ்சு" என்றார். வீட்டில் இப்போது ஐந்து பேர் என்று அர்த்தம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்தில் அப்படி மழை பெய்வது அபூர்வம். மூன்று நாள் விடவில்லை. மட்டக் கூரை தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. நான்காம் நாள் புதன்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். நானும் எஸ்தரும் குழந்தையும் எங்கள் அறையில் இருந்தோம். சித்தப்பா சமையல்கட்டில் காப்பித்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். அய்யா உள்ளறையில் படுத்திருந்தார்.

பச்சை மரக்கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நடுவீட்டில் மண் பொலபொலவென்று கொட்டியது.

"வெளிய! எல்லாரும் வெளிய!" என்று சித்தப்பாவின் குரல்.

நாங்கள் யோசிக்கவில்லை. எஸ்தர் குழந்தையைத் தூக்கினாள், நான் கதவைத் தள்ளினேன், அந்த நூல் கயிறு அறுந்தது. மேற்கு வாசல் வழியாக இறங்கிக் கொல்லைக்கு ஓடினோம். சித்தப்பா சமையல்கட்டில் தாம் வைத்த வாசல் வழியாக முருங்கை மரத்தடிக்கு வந்தார். மழையில் நனைந்துகொண்டு நின்றோம். கால்கள் சொன்னபடி கேட்டுவிட்டன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

சித்தப்பா என் தோளைப் பிடித்தார். "எண்ணுலே வாத்தியாரே. என்னால முடியல. நீ எண்ணு."

நான் எண்ணினேன். எஸ்தர், குழந்தை, சித்தப்பா, நான்.

"நாலு" என்றேன். "அய்யாவக் காணோம்."

அவர் முகத்தை நான் விவரிக்க மாட்டேன். கிழக்கே திரும்பி முடுக்குக்குள் ஓடினார். "அண்ணே! இங்கன வா! இந்த வாசலு! இந்த வாசலுக்கு வா!" என்று கத்தியது கேட்டது. கதவை இழுக்கிற சத்தம் கேட்டது. குரல் உள்ளே போய் மங்கியது. அப்புறம் உத்தரம் இறங்கியது. முதலில் சத்தம், பிறகு முடுக்கிலிருந்து மழைக்குள்ளேயே ஒரு செந்தூசி.

அய்யா தெருவில் நின்றுகொண்டிருந்தார். முதல் மண் நெஞ்சில் விழுந்ததுமே எழுந்து, பழைய குட்டைக் கதவில் குனிந்து, நடுவீடு, முன்னறை, தெரு வாசல் என்று அறுபது வருஷத்துப் பழக்கத்தில் வெளியே போய், எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றிருக்கிறார். சத்தம் கேட்டுத்தான் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு ஓடி வந்தார்.

"எல்லாரும் வந்துட்டீகளா? தம்பி எங்கலே?"

கொல்லையிலிருந்து தெரு வாசலுக்கு முப்பத்திரண்டு அடி. பின்னால் அடி வைத்து அளந்தேன். முப்பத்திரண்டு அடி போய்ப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லியிருக்கலாம். எந்த வாசல் வழியாக ஓட வேண்டும் என்று ஏழு வருஷம் பழக்கியவர், ஓடிப்போய் எங்கே ஒன்றாக நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லித் தரவில்லை. அவருக்கே அது தோன்றவில்லை. பன்னிரண்டு வாசல் உள்ள வீட்டில் யார் எந்தப் பக்கம் இறங்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மாடசாமி கொத்தனாரும் தெருக்காரர்களுமாக இருட்டுவதற்குள் மண்ணை எடுத்தார்கள். புது வாசலுக்கு உள்ளே நான்கு அடி தூரத்தில் கிடந்தார். அய்யா படுக்கிற பாயின் மேல் ஒரு கை இருந்தது. நிலை அசையாமல் நின்றது. கதவு வெளிப்பக்கமாக முழுக்கத் திறந்திருந்தது.

அடக்கத்துக்கு ராக்கம்மாள் வந்தாள். அவளைக் கண்டதும் நான் கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன்.

மழை நின்று வீட்டைத் திரும்பச் சரி செய்யத் தொடங்கியபோது அய்யா வாசல்களை அடைத்தார். வருஷத்துக்கு ஓர் அறையாக, சித்தப்பா திறந்த அதே வரிசையில். அதே மாடசாமிதான் கல் வைத்தார். கேலி இல்லை. எங்கள் அறைக்கு வந்தபோது எஸ்தர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "இது இருக்கட்டும் மாமா" என்றாள். அது ஒன்று மட்டும் இருந்தது. அவள் சாகும்வரை அதன் வழியாகத்தான் தண்ணீருக்குப் போனாள்.

முருங்கை மரத்தடியில் நான் எண்ணியதைக் கேட்டவர்கள் இருவர். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருத்தி எஸ்தர். அன்றைக்கு மழையில் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அய்யாவிடமும் சொன்னதில்லை.

அய்யா அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடம், கடிதம் கொண்டுவருகிறவரிடம், கொத்தனாரிடம், கடைசிக் காலத்தில் ஆள் இல்லாத நாற்காலியிடம்கூட ஒரே கேள்வியைக் கேட்டார். "யாருமே இல்லாத அறைக்குள்ள அவன் என்னத்துக்குப் போனான்?" மற்றவர்கள், பாவம், கிறுக்குப் பிடித்த மனுஷன், வாசலைப் பார்த்தால் நுழைந்துவிடுவான் என்று ஆறுதல் சொன்னார்கள். அய்யா அதை நம்பவில்லை. அவர்கள் போனதும் என் பக்கம் திரும்புவார். "நீ அங்கனதான நின்ன? அவன் என்னத்துக்குலே உள்ள போனான்?"

என்னிடம் மட்டும் அவர் கேட்டது நாற்பத்தாறு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு, "தெரியல அய்யா" என்றேன். கடைசித் தடவை அவருக்குக் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தார்கள். அவர் கேட்டது எனக்குத் தெரியும். நான் தண்ணீரைக் கொடுத்தேன்.

அதையும் சேர்த்துத்தான் நாற்பத்தாறு.